ஒரு டிஷ், நான்கு டி.வி.: இராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கான ஒயரிங் வழிகாட்டி

கீழக்கரை, மண்டபம், பாம்பன், தேவிபட்டினம் பக்கத்து வீடுகளில் இப்போது ஒரு டி.வி.யோடு யாரும் நிற்பதில்லை. கூடத்தில் ஒன்று, பெரியவர்கள் அறையில் ஒன்று, மாடியில் தம்பி குடும்பத்துக்கு ஒன்று என்று கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் டிஷ் மாட்ட வருபவர் ஒரு டி.வி.க்கு உரிய வேலையை முடித்துவிட்டு, மற்ற அறைகளுக்கு, ஒரே ஒயரைப் பலவாகப் பிரிக்கும் ஒரு ஸ்பிளிட்டரை வைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். அன்று மாலை எல்லாம் தெரியும். கீழே ஒருவர் செய்தி பார்க்கத் தொடங்கினால் மாடியில் பாதிச் சேனல்கள் காணாமல் போவது இரண்டு நாள் கழித்துத்தான் கண்ணில் படும். எங்கள் வீட்டில் இந்தத் தொல்லை, பழைய ஒயர்களை முழுவதுமாக உருவிவிட்டுப் புதிதாக இழுத்த பிறகே தீர்ந்தது. புதிதாக வீடு கட்டுகிறவர்களும், இருக்கிற டிஷ்ஷில் இன்னும் இரண்டு டி.வி. சேர்க்க நினைக்கிறவர்களும் அந்த அலைச்சல் இல்லாமல் வேலையை முடிக்க வேண்டும் என்பதற்காக, வரிசைப்படி எழுதுகிறேன்.

1. பெட்டிகளை எண்ணி, அதற்கேற்ற எல்.என்.பி. வாங்குங்கள்

டிஷ்ஷின் முன்னால் நீட்டிய கையில் இருந்து, சிக்னலை வாங்கி ஒயரில் இறக்கும் சிறு கருவிதான் எல்.என்.பி. செட்டாப் பாக்ஸ் தனக்கு வேண்டிய சேனல் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கத்தை அனுப்பும்படி சிக்னல் இறங்கி வரும் அதே ஒயர் வழியாக எல்.என்.பி.க்குக் கட்டளை கொடுக்கிறது. 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து அலை, 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்ட அலை. அதோடு 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு சேர்ந்தால் மேல் அலைவரிசை, சேராவிட்டால் கீழ் அலைவரிசை. ஆக ஓர் ஒயரில் ஒரு நேரத்தில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே இறங்கி வரும். ஸ்பிளிட்டர் போட்டு ஒரே ஒயரில் இரண்டு பெட்டிகளை மாட்டினால், ஒன்று 13 கேட்க, மற்றது 18 கேட்க, எல்.என்.பி. 18-க்குத்தான் பணியும், 13 கேட்ட பெட்டியில் படம் போய்விடும். கேபிள் டி.வி. ஒயரிங்கில் ஸ்பிளிட்டர் வேலை செய்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு; அங்கே பெட்டி எந்தக் கட்டளையும் மேலே அனுப்புவதில்லை, அதனால் பிரச்சினையும் இல்லை.

எனவே விதி ஒன்றுதான்: ஒரு பெட்டிக்கு, எல்.என்.பி.யிலிருந்து ஒரு தனி ஒயர். இரண்டு பெட்டி என்றால் ட்வின் எல்.என்.பி., நான்கு வரை க்வாட் எல்.என்.பி. வாங்க வேண்டும். இன்று இரண்டு டி.வி.தான் இருக்கிறது என்றாலும் க்வாடையே வாங்கிவிடுவது நல்லது; விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான், மீதமுள்ள இரண்டு வாய்களுக்கும் ரப்பர் மூடி போட்டு வைத்துவிடலாம். நான்குக்கு மேல் போனால் க்வாட்ரோ எல்.என்.பி.யும் மல்ட்டி ஸ்விட்ச்சும் வேண்டும். க்வாட்ரோவிலிருந்து நான்கு ஒயர்கள் மல்ட்டி ஸ்விட்ச்சுக்கு வரும், அதிலிருந்து எட்டு பெட்டிகள் வரை பிரித்துக்கொள்ளலாம்.

கடையில் ஏமாறக்கூடிய இடங்கள் மூன்று. முதலாவது, க்வாட், க்வாட்ரோ இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்று போலவே இருக்கும். ஆனால் க்வாட்ரோவை நேராகப் பெட்டியில் மாட்டினால் ஒவ்வொரு வாயிலும் கால் பங்குச் சேனல்கள்தான் வரும், ஆகவே அட்டைப் பெட்டியில் உள்ள பெயரை நீங்களே படித்துப் பாருங்கள். இரண்டாவது, நான்கு வாய் கொண்ட டைசெக் ஸ்விட்ச்சை 'நான்கு டி.வி.க்கு' என்று சொல்லி விற்கிறார்கள். அது நான்கு எல்.என்.பி.களை ஒரே பெட்டிக்குக் கொண்டுவரும் கருவி, நமக்கு வேண்டியதற்கு நேர் எதிரான வேலையைச் செய்வது. மூன்றாவது, சில நிறுவனங்களின் டிஷ்ஷுக்குப் பொதுவான யுனிவர்சல் எல்.என்.பி. பொருந்தாமல் போகலாம். பழைய எல்.என்.பி.யின் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்கள் 9750, 10600 என்று இருந்தால் அது யுனிவர்சல். வேறு எண் இருந்தால் அதே எண் உள்ளதைத்தான் வாங்க வேண்டும்.

இரண்டு டி.வி.யிலும் எப்போதும் ஒரே சேனல் ஓடினால் போதும் என்கிற கடை, சாப்பாட்டுக் கூடம் போன்ற இடங்களுக்கு இதெல்லாம் வேண்டாம். ஒரு பெட்டியும் எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டரும் போதும்.

2. டிஷ்ஷுக்கு இடம் பாருங்கள்

டி.டி. ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேல் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. சன் டைரக்டும் அந்த 93.5 டிகிரி இடத்தைப் பயன்படுத்துகிறது. டாடா பிளே 83 டிகிரி, ஏர்டெல் 108.2 டிகிரி. இராமநாதபுரத்தில் நின்று பார்த்தால் 93.5 டிகிரி செயற்கைக்கோள், திசைகாட்டியில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 122 டிகிரியில், அதாவது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவில், தரையிலிருந்து 70 டிகிரி உயரத்தில் இருக்கிறது. சாயல்குடியிலிருந்து தொண்டி வரை இந்த எண்கள் ஓரிரு டிகிரிக்கு மேல் மாறாது. 83 டிகிரிக்கு 156 திசை, 78 உயரம்; 108.2 டிகிரிக்கு 106 திசை, 54 உயரம்.

இணையத்தில் இந்தியில் வரும் விளக்கப் படங்களைப் பார்த்து டிஷ் திருப்புகிறவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். டெல்லியில் அதே 93.5 டிகிரி செயற்கைக்கோள் 149 டிகிரித் திசையில் 52 டிகிரி உயரத்தில் இருக்கும். அந்த அளவை வைத்து இங்கே நாள் முழுக்கத் திருப்பினாலும் சிக்னல் கிடைக்காது.

எழுபது டிகிரி உயரம் என்பது நமக்குச் சாதகமானது. பக்கத்து வீட்டு மாடியோ சற்றுத் தள்ளி நிற்கும் பனையோ குறுக்கே வராது. வீட்டை ஒட்டிச் சாய்ந்து நிற்கும் தென்னை மட்டையைத்தான் கவனிக்க வேண்டும். மறைப்பு இருக்கிறதா என்று கருவி இல்லாமலே பார்க்க ஒரு வழி உண்டு. மார்ச் நடுவில் ஒரு சில நாட்கள் காலை 11.15 மணியை ஒட்டியும், செப்டம்பர் கடைசி வாரத்தில் 11 மணியை ஒட்டியும் சூரியன் சரியாக இந்த 93.5 டிகிரி செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் டிஷ் வைக்கப்போகும் இடத்தில் முழு வெயில் விழுந்தால் மறைப்பு எதுவும் இல்லை. நிழல் விழுந்தால் இடத்தை மாற்றுங்கள். அதே நாட்களில் அந்நேரத்தில் சில நிமிடம் படம் உடைவதும் இதனால்தான். அதைப் பழுது என்று எண்ணி ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுக்க வேண்டாம்.

காற்றுதான் நம் ஊரின் பெரிய தொல்லை. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்தால் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மொட்டை மாடியில் நிற்பதே சிரமம். தென்மேற்குப் பக்கம் மாடிப்படி அறையோ தண்ணீர்த் தொட்டியோ மறைவாக இருக்கும் இடம் கிடைத்தால் அங்கே வையுங்கள். டிஷ் பார்ப்பது வேறு பக்கம் என்பதால் அந்த மறைவு சிக்னலைக் கெடுக்காது. தட்டு ஓடு பதித்த மொட்டை மாடித் தளத்தில் ஒருபோதும் துளை போடாதீர்கள். அடுத்த மழையிலேயே கீழே கூரை ஒழுகும். கைப்பிடிச் சுவர் செங்கல் சுவராக இருந்தால் ஆங்கர் போல்ட் நாளாக ஆகத் தளர்ந்துவிடும், ஆகையால் கொத்தனாரிடம் சொல்லி இரண்டடிக்கு இரண்டடி சிமென்ட் மேடை போட்டு, அதில் கம்பத்தைப் புதைத்துவிடுவதே உறுதியானது. கம்பம் தூக்குநூலுக்கு நேராக நிற்க வேண்டும்; கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷின் பின்புற அளவுகோலில் காணும் எண்கள் எதுவும் உதவாது.

இ.பி. லைன் அருகே கம்பம் நடவே கூடாது. கம்பம் சாய்ந்து விழுந்தாலும் லைனைத் தொடாத தூரம் இருக்க வேண்டும்.

3. ஒயர் இழுங்கள்

ஆர்.ஜி.-6 கோஆக்சியல் கேபிள், 75 ஓம். கடையில் நூறு மீட்டர் சுருளாகக் கிடைக்கும். நடுக்கம்பி முழுச் செம்பா, செம்பு பூசிய இரும்பா என்பதை ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஒட்டினால் இரும்பு. பதினைந்து, இருபது மீட்டருக்குள் என்றால் இரும்பு நடுக்கம்பியும் ஓடும். அதற்கு மேல், குறிப்பாக மொட்டை மாடியிலிருந்து தரைத்தளம் வரை இறங்கும் ஒயருக்கு, செம்புதான் வேண்டும். ஏனென்றால் முப்பது மீட்டரில் உயர் அலைவரிசைச் சிக்னல் ஏறத்தாழ 10 டெசிபல் தேய்கிறது. இரும்பு நடுக்கம்பியில் அதோடு பெட்டி அனுப்பும் 18 வோல்ட்டும் குறைந்து, எல்.என்.பி. அதை 13 என்று எடுத்துக்கொள்ளக்கூடும். 'தரைத்தள டி.வி.யில் மட்டும் சில சேனல் வருவதில்லை' என்கிற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

புது வீடு என்றால், பூச்சு வேலைக்கு முன்பே ஒவ்வொரு அறையிலிருந்தும் மொட்டை மாடிக்குத் தனித்தனி ஒயர் போகும்படி பைப் பதித்துவிடுங்கள். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தாவிச் செல்லும் ஒயரிங்கை எலக்ட்ரீஷியன்கள் வழக்கமாகச் செய்கிறார்கள். அது விளக்குக்குச் சரி, டிஷ்ஷுக்கு உதவாது. கரண்டு ஒயர் போகும் பைப்பில் இதைச் சேர்க்கக் கூடாது. முக்கால் அங்குல பைப்பில் இரண்டு ஒயர் இடைஞ்சலில்லாமல் போகும். நடுவில் இணைப்பு வேண்டாம். நீளம் போதாவிட்டால் புது ஒயரே இழுங்கள். ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனைகளிலும் 'கூடம்', 'மாடி 1' என்று மார்க்கரால் எழுதி, மேலே தெளிவான டேப் சுற்றிவிட்டால், பின்னால் எந்த ஒயர் எதற்கு என்று தேடும் வேலை மிச்சம்.

ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சாண் அளவு கீழே தொங்கவிட்டு, பிறகு மேல்நோக்கித் துளைக்குள் செலுத்த வேண்டும். மழைநீர் ஒயர் வழியே வழிந்து அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். இல்லாவிட்டால் நேராகச் செட்டாப் பாக்ஸுக்கே வந்து சேரும்.

4. கனெக்டரை உப்பிலிருந்து காப்பாற்றுங்கள்

கடற்கரையில் டிஷ் கெடுவதற்குப் பத்தில் எட்டு முறை காரணம் இந்த விரல் நுனி அளவு உலோகம்தான் என்பது என் அனுபவம். எல்.என்.பி. அடியில் மாட்டியிருக்கும் கனெக்டரை ஓராண்டு கழித்துக் கழற்றிப் பாருங்கள்: திருகும்போதே வெள்ளைத் தூள் உதிரும், நடுக்கம்பியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், விரலால் தட்டினால் நுனி ஒடிந்து கையில் வந்துவிடும். உள்நாட்டில் ஐந்தாறு ஆண்டு தாங்கும் பொருள் இங்கே ஒரு கச்சானுக்கும் ஒரு வாடைக்கும் மேல் தாங்குவதில்லை.

கையால் திருகிப் போடும் மலிவு கனெக்டரைத் தவிர்த்து, கருவியால் அழுத்திப் பொருத்தும் கம்ப்ரஷன் கனெக்டரைக் கேளுங்கள். வரும் ஆளிடம் அந்தக் கருவி இல்லை என்றால் இருக்கிறவரை வரவழையுங்கள். ஒயரைச் சீவும் முறை இது: வெளி உறையை வெட்டி, வலைக் கம்பிகளைப் பின்னோக்கி மடக்கி, வெள்ளை நுரையைக் கனெக்டரின் உள் விளிம்போடு சமமாக நிறுத்தி, நடுக்கம்பி வாய்க்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் நீட்டியிருக்குமாறு விட வேண்டும். வலையின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகி, அந்த ஒயரில் எதுவும் வராது. ஆகவே பொருத்தும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

பொருத்திய பின் ரப்பர் உறையை ஏற்றி, அதன் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றும் தண்ணீரை உள்ளே வாங்கும். சாதாரணக் கறுப்பு இன்சுலேஷன் டேப் நம் வெயிலில் இரண்டு மாதத்தில் பசை இளகிப் பிரிந்துவிடும், அதை நம்ப வேண்டாம். டிஷ்ஷோடு வரும் போல்ட்டு நட்டுகளையும் அப்போதே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றிவிடுங்கள். துருப் பிடித்த பிறகு கழற்ற முடியாது, ரம்பத்தால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

5. டிஷ்ஷைத் திருப்புங்கள்

நிறுவனத்தின் ஆள் வந்தால் மீட்டர் வைத்து அவரே செய்துவிடுவார். ஃப்ரீ டிஷ்ஷை நீங்களே வைப்பதானால், ஒரு சிறு டி.வி.யையும் பெட்டியையும் மாடிக்குக் கொண்டுபோய், மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்து வையுங்கள். அதில் 'ஸ்ட்ரெங்த்', 'குவாலிட்டி' என்று இரண்டு அளவுகள் வரும். ஸ்ட்ரெங்த் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏதோ ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். பார்க்க வேண்டியது குவாலிட்டி மட்டுமே. பின்புற அளவுகோலில் உயரத்தை 70-இல் நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் மிக மெதுவாக, விரற்கடை விரற்கடையாகத் திருப்பி, ஒவ்வொரு நகர்வுக்கும் பின் ஓரிரு விநாடி காத்திருங்கள். கைப்பேசியின் திசைகாட்டியை இரும்புக் கம்பத்தின் அருகே பிடித்தால் தவறாகக் காட்டும். நான்கடி தள்ளி நின்று பாருங்கள்.

குவாலிட்டி கிடைத்ததும் எல்.என்.பி.யை அதன் பிடிக்குள் சுழற்றிப் பார்ப்பதை மறக்கக் கூடாது. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் 93.5 டிகிரிக்கு இந்தச் சாய்வு ஏறத்தாழ 57 டிகிரி வரை போகிறது. டெல்லியில் அதில் பாதிதான். எல்.என்.பி.யை நேராக மாட்டிவிட்டுப் போனால் சில சேனல்கள் தெளிவாகவும் சில உடைந்தும் வரும்.

6. ஒவ்வொரு பெட்டியாகச் சோதியுங்கள்

எல்லாப் பெட்டிகளையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, வேறு வேறு சேனல்களை மாற்றி மாற்றிப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு பெட்டியின் பிளக்கையும் முழுவதுமாகப் பிடுங்கிவிட்டு, மற்றவை நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கூடத்துப் பெட்டியை அணைத்தால் மாடி டி.வி.யும் நின்றுவிடுகிறது என்றால், எங்கோ ஒரு ஸ்பிளிட்டர் ஒளிந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் பால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கும். இந்தச் சோதனை முடியும் வரை வேலை செய்தவருக்கு முழுத் தொகையையும் கொடுக்காதீர்கள்.

7. காகிதங்களும் கணக்கும்

கட்டண டி.டி.எச். இணைப்பு என்றால் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். ஆதார் நகல் பொதுவாகப் போதும். வாடகை வீடாக இருந்தால் மாடியில் கம்பம் நட வீட்டுக்காரரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்வது பின்னால் வரும் சச்சரவைத் தவிர்க்கும்.

இரண்டாவது, மூன்றாவது பெட்டிகளை முதல் இணைப்பின் கூடுதல் இணைப்பாக, அதே பெயரில் அதே முகவரியில் பதியச் சொல்லுங்கள். தனி இணைப்பாகப் பதிந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் மாதந்தோறும் முழுக் கட்டணம் போகும். நெட்வொர்க் கட்டணத்துக்கு (சேனல் விலை போக, இணைப்புக்கென்று மாதந்தோறும் வாங்கும் தொகை) தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்திருந்த உச்ச வரம்பு 2024 ஜூலையில் நீங்கிவிட்டதால், கூடுதல் டி.வி.க்கு எவ்வளவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்தத் தொகையையும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்து எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. கணக்கு வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் பெயரிலும் அவருடைய எண்ணிலும் இருக்கும். பேக்கேஜ் மாற்றவோ புகார் பதியவோ ஓ.டி.பி. கேட்டால் அது துபாய்க்கோ சவூதிக்கோ போய்விடும். அவர் வேலை முடித்துப் பார்ப்பதற்குள் நேரம் தாண்டிவிடும். வீட்டிலேயே இருப்பவரின் எண்ணைப் பதிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் உள்ள எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்து, எந்தப் பெட்டி எந்த அறையில் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரசீது, உத்தரவாத அட்டை, விண்ணப்பப் படிவத்தின் நகல் மூன்றும் ஒரே உறையில் இருக்கட்டும். புகார் பதிந்தால் புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தீராவிட்டால் அந்த நிறுவனத்தில் தீராத புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கும், அதற்குப் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போகும்போது முதலில் கேட்கப்படுவது அதுதான்.

ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமும் இல்லை, இந்தக் காகித வேலையும் இல்லை. டி.டி. தமிழும் செய்தியும் போதும் என்கிற பெரியவர்கள் அறைக்கு அதுவே போதுமானது. சன் டைரக்ட் டிஷ் ஏற்கெனவே 93.5 டிகிரியைப் பார்த்திருந்தால், க்வாட் எல்.என்.பி.யின் ஒரு வாயிலிருந்து ஃப்ரீ டிஷ் பெட்டிக்கு ஒயர் இழுத்துவிடலாம், இன்னொரு டிஷ் தேவையில்லை.

8. செலவும் காலமும்

பெட்டிகளின் விலையைச் சேர்க்காமல், நான்கு அறைக்கான க்வாட் எல்.என்.பி., செம்பு நடுக்கம்பி ஒயர் ஒரு சுருள், கம்ப்ரஷன் கனெக்டர்கள், ரப்பர் டேப், ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகள், சிமென்ட் மேடை, ஆள் கூலி எல்லாம் சேர்த்து ஆறாயிரம் முதல் ஒன்பதாயிரம் ரூபாய் வரை ஒதுக்கி வையுங்கள். இதில் பெரிய பங்கு ஒயருக்கும் கூலிக்கும் போகும். ஒயரில் மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும்; அங்கே மட்டும் வேண்டாம், தேவையானால் மேடையை விட்டு, காங்கிரீட் தூணில் கம்பத்தைப் பொருத்திச் செலவைக் குறையுங்கள்.

வேலைக்கு ஏற்ற காலம் மாசி, பங்குனி. வாடை ஓய்ந்து, கச்சான் தொடங்காமல், சிமென்ட் இறுக நல்ல வெயிலும் இருக்கும். மார்ச் நடுவில் சூரியனை வைத்து மறைப்பும் பார்த்துக்கொள்ளலாம். ஆடியில் ஆள் கிடைத்தாலும் டிஷ்ஷைத் திருப்பி நிறுத்துவது பெரும்பாடு. ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகம் அடர்ந்தால் சிக்னல் தானாகவே குறையும் என்பதால் அந்த நாட்களில் எடுக்கும் அளவு எதையும் நம்ப முடியாது.

ஆண்டுக்கு ஒரு முறை, புரட்டாசி முடிவதற்குள், மாடிக்குப் போய் டிஷ்ஷின் முகத்தில் படிந்த உப்பையும் காக்கை எச்சத்தையும் நல்ல தண்ணீரில் கழுவி, போல்ட்டுகளை ஒரு முறை இறுக்கி, எல்.என்.பி. அடியில் உள்ள ரப்பர் டேப்பைப் பிரித்துக் கனெக்டரைப் பாருங்கள். களிம்பு ஏறியிருந்தால் நுனியை வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போடுங்கள். அதற்காகவே எல்.என்.பி. பக்கம் ஒவ்வொரு ஒயரிலும் இரண்டடி கூடுதலாகச் சுருட்டிக் கட்டி வைத்திருக்க வேண்டும். இடி மின்னல் வரும் மாலைகளில் டி.வி. பிளக்கோடு ஆன்டெனா ஒயரையும் பெட்டியிலிருந்து கழற்றி வையுங்கள்.